கொலை நடந்த இரவு எங்கே இருந்தீர்கள்?

துப்பறியும் கதைகளில் காவல் ஆய்வாளர் தவறாமல் கேட்கும் கேள்வி இது. விக்டோரியா காலத்து லண்டனில் இரண்டு ஆண்கள் அந்த இரவை ஒரே அறையில் கழித்திருந்தால், கொலைப் பழியிலிருந்து தப்ப ஒருவருக்கொருவர் சாட்சி சொன்னால் போதும். ஆனால் அந்தச் சாட்சியே இருவரையும் சிறைக்கு அனுப்பிவிடும். ஆண்களுக்கிடையிலான புணர்ச்சிக்கு 1861 சட்டத்தில் ஆயுள் தண்டனை வரை இடமிருந்தது. 1885இல் ஹென்றி லபூஷேர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் நுழைத்த பிரிவு, ஆண்களுக்கிடையிலான எவ்விதப் பாலுறவையும், பூட்டிய அறைக்குள் நடந்தாலும், இரண்டாண்டுக் கடுங்காவலுக்குரிய குற்றமாக்கியது. மிரட்டிப் பணம் பறிப்பவர்களின் சாசனம் என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. (இதே காலத்து வார்ப்பான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு, மனமொத்த உறவுகளைக் குற்றமாக்கும் வேலையை 2018 வரை செய்துகொண்டிருந்தது.)

இப்போது ஆங்கிலத்தில் தனி வகையாகவே தழைத்திருக்கும் விக்டோரியா கால ஆண்காதல் மர்ம நாவல்களுக்கு உயிர்நாடி இந்த இக்கட்டுதான். மர்மக் கதையின் இலக்கணப்படி, கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தாக வேண்டும். காதலர்களோ ஒன்றை மட்டுமாவது சொல்லாமல் மறைத்தால்தான் பிழைப்பார்கள். இந்த முரணை எப்படிக் கையாள்கிறார் என்பதை வைத்தே இவ்வகை எழுத்தாளரை எடைபோடலாம்.

மர்மக் கதை, ஆண்காதல் என்ற இந்த இரண்டு இழைகளும் ஒரே சாப்பாட்டு மேசையில் சந்தித்த நாள் ஒன்று உண்டு. 1889 ஆகஸ்ட் 30 அன்று, லண்டன் லாங்ஹாம் ஹோட்டலில் லிப்பின்காட்ஸ் பத்திரிகை ஆசிரியர் ஸ்டோடார்ட் விருந்து கொடுத்தார். வந்தவர்களில் ஆர்தர் கானன் டாயிலும் ஆஸ்கர் வைல்டும் இருந்தார்கள். அதன் பலனாக 1890 பிப்ரவரியில் ஷெர்லக் ஹோம்ஸின் இரண்டாவது நாவலும், ஜூலையில் 'டோரியன் கிரேயின் ஓவியம்' நாவலும் அந்தப் பத்திரிகையில் வந்தன. வைல்டின் கதையிலும் ஒரு கொலை இருக்கிறது. தன்மேல் உயிரையே வைத்திருந்த ஓவியனை டோரியன் குத்திக் கொல்கிறான்; பழைய நண்பனான வேதியியலாளனை மிரட்டி உடலை இல்லாமலாக்குகிறான். எதைச் சொல்லி மிரட்டினான் என்பதை வைல்ட் எழுதவே இல்லை. ஆபத்தை மணந்த ஸ்டோடார்ட், கையெழுத்துப் படியில் சுமார் 500 சொற்களை ஆசிரியருக்குத் தெரியாமலேயே வெட்டியிருந்தார். அப்படியும் 1895இல் வைல்ட் தொடுத்த அவதூறு வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கார்சன் அந்தப் பத்திரிகைப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் வைல்டைக் குறுக்கு விசாரணை செய்தார். நாவலே தடயமாகிவிட்டது.

1886இல் வந்த ஸ்டீவன்சனின் ஜெகில்–ஹைட் கதையையும் இந்த வரிசையில் வைத்துப் படிக்கலாம். மதிப்புக்குரிய ஒரு டாக்டர் அடையாளம் தெரியாத இளைஞனுக்குக் காசோலை கொடுக்கிறார் என்றதும், நண்பர்களுக்கு முதலில் தோன்றுவது மிரட்டல்தான். ஈ. எம். ஃபார்ஸ்டர் 1913–14இல் எழுதிய 'மாரிஸ்' இதைத் தலைகீழாக்கியது. பிரிட்டிஷ் மியூசியத்தில் நின்று மாரிஸை மிரட்டும் வேட்டைக்காவலன் அலெக், கடைசியில் அவனுடைய வாழ்க்கைத் துணையாகிறான். சுபமான முடிவு வேண்டும் என்று பிடிவாதமாக எழுதியதாலேயே நாவல் ஆசிரியரின் மறைவுக்குப் பிறகு, 1971இல்தான் அச்சேறியது.

இன்று எழுதுகிறவர்களில் இந்த முரணை நன்றாக உணர்ந்தவர் கே. ஜே. சார்ல்ஸ். 2017இல் வெளிவந்த அவருடைய மூன்று நாவல் தொடர் 1873இன் மூடுபனி லண்டனில் நடக்கிறது. முதல் நாவலான 'அன் அன்ஸீன் அட்ராக்‌ஷன்' கதையில் கிளெம், இந்தியத் தாய்க்குப் பிறந்தவன். ஒரு தங்கும் விடுதியை நடத்துகிறான். அங்கே குடியிருக்கும் ரவுலி, இறந்த பறவைகளையும் விலங்குகளையும் பாடம் செய்து விற்பவன். ஒருநாள் விடுதிவாசி ஒருவரின் சித்திரவதைக்குள்ளான பிணம் வாசற்படியில் கிடக்கிறது. தொடர் முழுக்க வாரிசுரிமைச் சிக்கல் ஓடுகிறது. பிரபுப் பட்டத்துக்கு உரியவராகத் தெரியவரும் பார் விளையாட்டுக் கலைஞர் பென்னுக்கோ அது வேண்டவே வேண்டாம். தன்னை முழு ஆணாக உணராத அவர், பட்டம் வந்தால் முழு ஆணாக வேஷம் கட்டிக் காலந்தள்ள வேண்டும். துப்பறிபவர் காவல்துறையைச் சேராத தனி ஆள். அவருக்குக் கிடைக்கும் உண்மை ஸ்காட்லாந்து யார்டுக்குப் போகும் முன் வடிகட்டப்படுகிறது. முரண் தீர்வது அங்கேதான்.

நடாஷா புல்லியின் 'தி வாட்ச்மேக்கர் ஆஃப் ஃபிலிக்ரீ ஸ்ட்ரீட்' (2015) வேறு ரகம். 1884 மே 30 அன்று ஸ்காட்லாந்து யார்டில் நிஜமாகவே வெடித்த குண்டுதான் அதன் மையம். உள்துறையின் தந்தி எழுத்தர் தேனியல், சந்தேகத்துக்குரிய ஜப்பானியக் கடிகாரத் தொழிலாளி மோரியை வேவு பார்க்கப் போகிறான். காதல் என்ற பேச்சையே வெகுநேரம் எடுக்காமல் கதை நகர்கிறது. எனக்குப் பிடித்தது இந்த அடக்கம்தான். வைல்டையே துப்பறிய வைக்கும் ஜைல்ஸ் பிராண்ட்ரெத்தின் தொடரில் பேச்சுச் சாதுரியம் ஏராளம். காதல் ஓரமாகவே நிற்கிறது. சாரா வாட்டர்ஸின் 'ஃபிங்கர்ஸ்மித்' (2002) பெண்களின் கதை. லபூஷேரின் பிரிவு பெண்களைத் தொடவில்லை. ஆகவே அங்கே அச்சுறுத்தலாக வருபவை மனநோய் விடுதியும் சொத்துரிமையும்.

இவ்வகை நாவல்களில் எனக்குள்ள பெரிய குறை வேலைக்காரர்களைப் பற்றியது. பலவற்றில் காதலர்கள் கதவைச் சாத்தினால் உலகமே மறைந்துவிடுகிறது. விக்டோரியா காலத்தில் கதவுக்கு வெளியே எப்போதும் ஆள் உண்டு: நெருப்பு மூட்டுபவள், வெந்நீர் கொண்டுவருபவள், விரிப்பு மாற்றுபவள். பிறகு வைல்ட் மீதே நடந்த குற்ற வழக்கில் சவாய் ஹோட்டல் பணிப்பெண் சாட்சிக் கூண்டில் ஏறி, அவர் தங்கிய அறையின் படுக்கையைப் பற்றிச் சொன்னார். அந்தப் பெண்ணின் கண்ணால் ஒரு நாவல் எழுதப்பட்டால் நன்றாயிருக்கும்.

இந்த நாவல்கள் மறக்கக் கூடாத எளியவர்கள் இன்னும் உண்டு. லாங்ஹாம் விருந்துக்கு இரண்டு மாதம் முன்பு, லண்டன் மத்திய தந்தி அலுவலகத்தில் நடந்த ஒரு திருட்டை விசாரிக்கையில், ஒரு தந்திப் பையனிடம் 14 ஷில்லிங் இருந்தது தெரிந்தது; அவனுடைய பல வாரச் சம்பளம். கிளீவ்லாண்ட் தெரு 19ஆம் எண் வீட்டில் இயங்கிய ஆண் விபசார விடுதியும், தந்திப் பையன்களைக் காசு கொடுத்துச் சீரழித்த கனவான்களும் அப்படித்தான் வெளிப்பட்டார்கள். இதைக் காதல் கதையாக்க முயலும் எவரும் கசப்பையும் சேர்த்தே எழுதியாக வேண்டும். அந்த விடுதி விவகாரத்தை விசாரித்தவர், முந்தைய ஆண்டு ஜாக் த ரிப்பரைத் தேடிய அதே ஆய்வாளர் ஆபர்லைன். ஆர்தர் சாமர்செட் பிரபு பிரான்சுக்குத் தப்பினார். பையன்களைக் கூட்டிவந்த இருவருக்கு நான்கு மாதமும் ஒன்பது மாதமும் தண்டனை. கனவான்களின் பெயரை அச்சிட்ட பத்திரிகையாளர் எர்னஸ்ட் பார்க்குக்கு, சொன்னதை நிரூபிக்க முடியாததால், அவதூறு வழக்கில் பன்னிரண்டு மாதம்.