ஐஸ்கிரீம் மேல் பார்க்க வேண்டிய பதம்

லாஸ் ஏஞ்சல்ஸில் 1906இல் தொடங்கி, பிறகு ஹாலிவுட்டுக்கு இடம் மாறி, 1996இல் மூடப்பட்ட சி.சி. பிரவுன்ஸ் என்ற ஐஸ்கிரீம் கடைக்கு ஒரு பேர்போன வழக்கம் உண்டு. ஐஸ்கிரீம் கிண்ணம் தனியாக வரும். சூடான சாக்லேட் சாஸ் சின்னக் குடுவையில் தனியாக வரும். ஊற்றுவது சாப்பிடுகிறவர் வேலை. ‘ஹாட் ஃபட்ஜ் சண்டே’ பிறந்ததே தங்களிடம்தான் என்று அந்தக் கடை சொல்லிக்கொண்டது. அதை ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். ஆனால் குடுவையைத் தனியாக வைத்தவருக்குச் சாஸின் சூட்சுமம் தெரிந்திருந்தது என்பதில் சந்தேகம் வேண்டாம். சமையலறையிலேயே ஊற்றி எடுத்துவந்திருந்தால் மேஜைக்கு வருவதற்குள் பாதி விளையாட்டு முடிந்திருக்கும்.

அந்த விளையாட்டு இதுதான். கிண்ணத்தில் இருக்கும் ஐஸ்கிரீமின் குளிர், பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 12 டிகிரி. அதன் மேல் சூடான சாஸ் விழுந்ததும், அடியில் தொட்ட படலம் இறுகிப் பல்லில் லேசாக ஒட்டும் மிட்டாயாகிறது. நடுவில் இருப்பது கூழாகவும், மேலே இருப்பது இன்னும் வழியும் திரவமாகவும் நிற்கிறது. விளிம்பில் உருகிய ஐஸ்கிரீமும் சாஸும் கலந்து, யாரும் தனியாகச் செய்யாத மூன்றாவது பண்டம் ஒன்று உருவாகிறது. ஒரே கரண்டியில் இத்தனையும் வர வேண்டும். அரை நிமிடம் தாமதித்தால் எல்லாம் ஒன்றாகிவிடும்.

ஆக, நல்ல சாஸ் வாணலியில் எப்படி இருக்கிறது என்பது கேள்வியே இல்லை.

பாகு காய்ச்சிப் பழகிய கைக்கு இது உடனே புரியும். ஹாட் ஃபட்ஜ் அடிப்படையில் சர்க்கரைப் பாகுதான். அதிரசத்துக்கு, பாகைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வர வேண்டும். சாஸுக்கு அவ்வளவு தூரம் போகக் கூடாது. விரல்களுக்கு நடுவே ஒற்றைக் கம்பி இழுக்கிற 105 டிகிரியை ஒட்டியே அடுப்பை அணைத்துவிட வேண்டும். மிச்சப் பதத்தை ஐஸ்கிரீமின் குளிர் முடித்துவைக்கும். அடுப்பிலேயே ‘இப்போதுதான் கெட்டியாக, அழகாக இருக்கிறது’ என்று மகிழ்ந்தவர்கள், கிண்ணத்தில் கரண்டியை வைத்து மல்லுக்கட்ட வேண்டியதுதான். பாகு பூத்துச் சர்க்கரை நறநறக்காமல் இருக்க, குலாப் ஜாமூன் பாகில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுகிறோமே, அதே வேலைக்காக அமெரிக்க வீடுகளில் சோளப் பாகு சேர்க்கிறார்கள். நம் வீட்டில் ஒரு கரண்டி தேன் போதும்.

அடுத்தது பழைய வழக்கு: கோகோ தூளா, சாக்லேட் கட்டியா? கட்டிதான் உயர்ந்தது என்று எண்ணத் தோன்றும். ஐஸ்கிரீமுக்குத் தூளே மேல் என்பது இக்கட்டுரையின் தீர்ப்பு. காரணம் கோகோ வெண்ணெய். அது உருகும் வெப்பம் ஏறக்குறைய 34 டிகிரி, நம் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழே. சாக்லேட் வாயில் கரைகிற சுகம் முழுக்க அதனால் வருவது. ஐஸ்கிரீம் தின்ற வாயோ குளிர்ந்து கிடக்கிறது. அங்கே கோகோ வெண்ணெய் சட்டென்று கரைவதில்லை. மெழுகு போல நாக்கில் நிற்கிறது. ஐஸ்கிரீமுக்குள் உறைந்த சாக்லேட் துண்டுகள் பல நேரம் ருசியில்லாத சரளைக்கல்லாக இருப்பதும் இதனால்தான். 1828இல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பத்தார் காப்புரிமை பெற்ற அழுத்துமுறை, கோகோவிலிருந்து அந்த வெண்ணெயில் பெரும்பகுதியைப் பிழிந்தெடுத்தது. மிஞ்சிய சக்கைதான் கோகோ தூளானது. ஐஸ்கிரீம் சாஸுக்கு அந்தச் சக்கை ஒரு வரம்.

பிரெஞ்சுக்காரர்கள் இதை ஏற்கமாட்டார்கள். ஆஃபன்பாக்கின் 1864ஆம் ஆண்டு இசை நாடகத்தின் பெயரைத் தாங்கிய ‘பெல் எலேன்’ என்ற பண்டத்தில், பாகில் வெந்த பேரிக்காய்க்கும் வெனிலா ஐஸ்கிரீமுக்கும் மேல் அவர்கள் ஊற்றுவது, கட்டிச் சாக்லேட்டை உருக்கிய சூடான சாஸ். நியாயம்தான், ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடுகிறார்கள்.

கட்டியை உருக்குகிறவர்களை அழவைக்கும் விபத்து ஒன்று உண்டு. உருகிய சாக்லேட்டில் ஈரக் கரண்டியிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், மொத்தமும் சேறு போல இறுகிவிடும். அதிலுள்ள சர்க்கரைத் துகள்கள் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம். குப்பையில் கொட்ட வேண்டாம். இன்னும் நாலைந்து கரண்டி வெந்நீர் ஊற்றிக் கிளறினால் பளபளவென்று சாஸாகிவிடும். கொஞ்சம் தண்ணீர்தான் பகை, நிறையத் தண்ணீர் உறவு. கடையில் ‘காம்பவுண்ட்’ என்று விற்கும் கட்டியை மட்டும் தவிர்க்கலாம். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும், குளிரில் மெழுகுத்தனம் இன்னும் கூடும்.

கொழுப்பு குளிரில் உறைவதையே வித்தையாக்கியதும் உண்டு. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டாது. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துபோகும். 100 கிராம் சாக்லேட்டோடு இரண்டு மேஜைக்கரண்டி தேங்காய் எண்ணெய் சேர்த்து உருக்கி, ஆறவிட்டு ஐஸ்கிரீம் மேல் ஊற்றினால் சில நொடிகளில் ஓடாகிவிடும். கரண்டியால் தட்டினால் ‘டக்’கென்று உடையும். அமெரிக்காவில் ‘மேஜிக் ஷெல்’ என்று பாட்டிலில் விற்பதும் இந்த வித்தைதான். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் கோகோவை ஊடுபயிராக வளர்க்கிறார்கள். ஓட்டுக்கு வேண்டிய இரண்டு பொருளும் ஒரே தோப்பில் நிற்கின்றன.

தினப்படிக்கு இவ்வளவு வித்தை வேண்டாம். கோகோ தூள் 50 கிராம், சர்க்கரை 120 கிராம், தண்ணீர் 150 மில்லி. தூளையும் சர்க்கரையையும் முதலில் உலர்வாகவே கலந்துகொண்டால் கட்டி தட்டாது. தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கரைத்து, மிதமான தீயில் கொதி வந்த பிறகு மூன்று, நான்கு நிமிடம் கிளறி இறக்கி, ஒரு கரண்டி வெண்ணெயும் தாராளமாக ஒரு சிட்டிகை உப்பும் சேர்க்க வேண்டும். சூடாக ருசி பார்க்கும்போது கசப்பு சற்றுத் தூக்கலாகத் தெரிந்தால் சரியாக வந்திருக்கிறது. குளிரில் நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும். உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுவது அதனால்தான். வெறும் இனிப்பை நம்பிச் செய்த சாஸ் ஐஸ்கிரீம் மேல் காணாமல் போகும், கசப்பு நிற்கும்.

பதம் பார்க்க, ஓர் எவர்சில்வர் தட்டை முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு சொட்டு விட்டுத் தட்டைச் சாய்த்தால், சொட்டு ஓடக் கூடாது, நிற்கவும் கூடாது. மெதுவாக நகர வேண்டும்.

ஊற்றுவது வெனிலா மேல் மட்டும். பட்டர்ஸ்காட்ச் மேல் ஊற்றினால் இரண்டு இனிப்புகள் சண்டை போடும், சாக்லேட் ஐஸ்கிரீம் மேல் ஊற்றினால் ஊற்றியதே தெரியாது. வெனிலா இல்லாத நாளில் சாஸைக் கண்ணாடி பாட்டிலில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். இரண்டு வாரம் கெடாது.