பிக்கப் வண்டியில் இன்வர்ட்டர்: வாட்டுக்கு முன்னால் ஆம்பியர்

பிக்கப் வண்டியின் பேட்டரி தருவது 12 வோல்ட் நேர்மின்சாரம். டிரில் மெஷினும் மிக்சியும் லேப்டாப் சார்ஜரும் கேட்பது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பெட்டிதான் இன்வர்ட்டர். அமெரிக்காவில் வண்டி நிறுவனங்களே இதைப் பொருத்தி விற்கின்றன. டொயோட்டா டகோமாவின் சரக்குத் தொட்டியில் 400 வாட் தரும் 120 வோல்ட் பிளக் வருகிறது. 2021 ஃபோர்டு எஃப்-150 ஹைப்ரிட்டில் கூடுதல் விலைக்கு 7.2 கிலோவாட் வரை கிடைத்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் கடுங்குளிரால் டெக்சாஸில் மின்சாரம் நின்றபோது, சிலர் அந்த வண்டியைக் கொண்டே வீட்டில் விளக்கும் ஹீட்டரும் போட்டுக்கொண்டார்கள். நம் சாலைகளில் ஓடும் பொலீரோ பிக்கப் வகை வண்டிகளில் அந்த வசதி கிடையாது. இன்வர்ட்டரைத் தனியே வாங்கி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பொருத்த வேண்டும். 12 வோல்ட் டீசல் பிக்கப்பில் 1000 வாட் இன்வர்ட்டர் எப்படி உட்கார்கிறது, எதைத் தாங்குகிறது, எதில் சறுக்குகிறது என்பதே இங்கே பார்க்கப்படுவது. பெரிய லாரிகளில் 24 வோல்ட் இருக்கும்; 12 வோல்ட் பெட்டியை அதில் மாட்டினால் மாட்டிய கணமே அதன் ஆயுள் முடியும்.

கடையில் இரண்டு வகை இன்வர்ட்டர் கிடைக்கும். விலை குறைந்தது 'மாடிஃபைட் சைன்'. அதன் மின்னலை படிப்படியாக ஏறி இறங்கும். விளக்குக்கும் பெரும்பாலான சார்ஜர்களுக்கும் அது போதும்; மோட்டார் உள்ள கருவிகள் இரைச்சலோடு ஓடி, வழக்கத்தைவிடச் சூடாகும். 'பியூர் சைன்' வகை வீட்டு மின்சாரத்தைப் போன்ற வளைவான அலையைத் தரும். விலை கணிசமாகக் கூடுதல். வண்டியில் கருவி ஓட்டுகிறவர் இந்த வித்தியாசத்தைக் கொடுத்துவிடுவது நல்லது. மிச்சம் பிடித்த பணம் கருகிய மோட்டாரின் காயில் கட்டும் கூலியாகப் போய்விடும்.

அட்டைப்பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்த எண்ணை நம்பக் கூடாது. 2000 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். சில நொடிகள் மட்டும் தாங்கக்கூடிய உச்ச அளவு அது. தொடர்ந்து தரக்கூடியது 1000 வாட்டாக இருக்கும், அதுவும் பக்கவாட்டில் பொடி எழுத்தில். அந்தப் பொடி எழுத்துதான் கணக்குக்கு வேண்டியது.

1000 வாட்டில் என்னென்ன ஓடும்? 65 வாட் லேப்டாப், பில் போடும் மெஷின், எல்இடி விளக்குகள், 600 வாட் டிரில், நான்கு அங்குல கிரைண்டர், 750 வாட் மிக்சி எல்லாம் ஓடும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போடாதவரை. மோட்டார்கள் கிளம்பும்போது ஓடும் அளவைப்போலப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். 150 வாட் என்று எழுதிய ஃபிரிட்ஜ் கூட கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் 1000 வாட்டைத் தொட்டுவிடும். ஒரு எச்.பி. தண்ணீர் மோட்டாரை இதில் கிளப்ப நினைப்பது வீண். இண்டக்‌ஷன் அடுப்புக்கு இது எட்டாது. இன்னொன்றும் உண்டு: செல்போன் சார்ஜருக்கும், காய்கறி விற்கிறவர் பதிவுசெய்த குரலை ஓடவிடும் ஒலிபெருக்கிக்கும் இன்வர்ட்டரே வேண்டாம். அவற்றுக்கு 12 வோல்ட்டிலேயே ஓடும் கருவிகள் கிடைக்கின்றன. 12-ஐ 230 ஆக்கி, மறுபடி 5 ஆக்குவதில் போவது பேட்டரியின் சார்ஜ்தான்.

இனி ஆம்பியர் கணக்கு. பொருத்தும் வேலையில் நல்லது கெட்டது எல்லாம் இங்கேதான் தீர்மானமாகிறது. 230 வோல்ட் பக்கம் 1000 வாட் என்பது நான்கரை ஆம்பியருக்கும் குறைவு. சாதாரண வீட்டு ஒயரே போதும். 12 வோல்ட் பக்கம் அதே 1000 வாட், இன்வர்ட்டருக்குள் வீணாகும் பத்துப் பதினைந்து சதவீதத்தையும் சேர்த்தால், ஏறத்தாழ 95 ஆம்பியர். சிகரெட் லைட்டர் துளையின் ஃபியூஸ் 10 முதல் 20 ஆம்பியர்வரைதான் இருக்கும். ஆகவே அந்தத் துளையில் சொருகும் இன்வர்ட்டர் 120, 150 வாட்டோடு நிற்க வேண்டும். அதற்கு மேல் எடுக்கும் எதையும் பேட்டரியிலிருந்து நேரடியாகத் தனிக் கேபிள் இழுத்துத்தான் பொருத்த வேண்டும்.

அந்தக் கேபிள் எவ்வளவு தடிமன்? பேட்டரி பானட்டுக்குள், இன்வர்ட்டர் சீட்டுக்குப் பின்னால் என்றால் மூன்று மீட்டர் தூரம். போக வர ஆறு மீட்டர். 16 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் 95 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.6 வோல்ட் போய்விடும். 25-ல் 0.4 வோல்ட், 35-ல் 0.3 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. 0.6 வோல்ட் சின்ன எண்ணாகத் தெரியலாம். பாரத்தில் ஏற்கெனவே 11.5-க்கு இறங்கி நிற்கும் பேட்டரியில் அதையும் கழித்தால் இன்வர்ட்டர் வாயில் 10.9தான் மிஞ்சும். 10.5 வோல்ட் அருகில் அது பீப் அடிக்கத் தொடங்கும், பிறகு தானே அணைந்துகொள்ளும். 'இன்வர்ட்டர் சரியில்லை' என்று கடைக்குத் திரும்பி வருகிறவற்றில் பலவற்றின் கோளாறு கேபிளில்தான் இருக்கும். 35 சதுர மி.மீ. வெல்டிங் கேபிள் எளிதில் கிடைக்கும், வளைந்தும் கொடுக்கும். வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். செம்பு பூசிய அலுமினியக் கம்பியும் அதே நிறத்தில்தான் விற்கிறது. முனையில் போடும் லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்குவது பட்டறை வழக்கம். அப்படிச் செய்த இணைப்பு குலுக்கலில் தளர்ந்து, தளர்ந்த இடம் சூடாகி, உறை உருகும். ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி உள்ள கடையில் கொடுத்து அழுத்தி, மேலே ஸ்லீவ் போட்டு வாங்குவதுதான் முறை.

பாசிட்டிவ் கேபிளில் ஃபியூஸ் கட்டாயம். அதுவும் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். இன்வர்ட்டருக்குள்ளேயே ஃபியூஸ் இருக்கிறதே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். உள்ளே இருப்பது இன்வர்ட்டரைக் காப்பாற்றும். நடுவில் கேபிள் தேய்ந்து பாடியில் பட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும்போது அதை நிறுத்த அங்கே எதுவும் இல்லை. வண்டி தீப்பிடிக்கும் வழிகளில் இது எளிய ஒன்று. 1000 வாட்டுக்கு 125 ஆம்பியர் போல்ட் வகை ஃபியூஸ் பொருந்தும். ஃபயர்வாலைத் தாண்டும் துளையில் ரப்பர் கிராமெட், கேபிள் முழுக்க நெளிக்குழாய், சைலன்சர் பக்கம் போகாத வழி: இவையும் ஃபியூஸோடு சேர்ந்த காவல்.

நெகட்டிவ் பக்கம் புதிய வண்டிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சின்ன சென்சார் ஒன்று உட்கார்ந்து, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிக்கொண்டிருக்கும். இன்வர்ட்டரின் நெகட்டிவை நேராகப் பேட்டரி முனையில் மாட்டினால் அந்த ஓட்டம் சென்சாரின் கணக்கில் வராது. சார்ஜ் தீர்ந்த பேட்டரியை நிறைந்தது என்றே வண்டி நினைத்துக்கொண்டிருக்கும். அத்தகைய வண்டியில் சென்சாரைத் தாண்டி, சேசிஸின் எர்த் போல்ட்டில், பெயிண்டைச் சுரண்டி உலோகம் தெரிய வைத்து மாட்ட வேண்டும். சென்சார் இல்லாத பழைய வண்டியில் நேராகப் பேட்டரிக்கே கொண்டுபோகலாம்.

இடம் டிரைவர் சீட்டுக்குப் பின்புறம்தான் பொதுவாகச் சரிப்படும். பானட்டுக்குள் வெப்பம், தொட்டியில் மழை. சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய கேபினும் அடுப்பாகத்தான் இருக்கும். பல இன்வர்ட்டர்கள் 40 டிகிரிக்கு மேல் தம் முழு வாட்டைத் தருவதில்லை. விசிறி வாய்க்கு முன்னால் நான்கு விரல் இடைவெளியாவது விட வேண்டும். மேலே சாக்கு, தார்ப்பாய் போடக் கூடாது. பேட்டரி இருக்கும் அதே பெட்டிக்குள் வைப்பதும் ஆகாது, சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜனை வெளிவிடும்.

இணைக்கும்போது முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இல்லாமல் எல்லா லக்கையும் முறுக்கிவிட்டு, கடைசியில் ஃபியூஸைப் போட்டு நெகட்டிவைத் திரும்ப மாட்டுவது வழக்கம். அப்போது 'பட்'டென்று ஒரு பொறி வரும். இன்வர்ட்டருக்குள் உள்ள கெப்பாசிட்டர்கள் நிரம்புவதன் அடையாளம் அது, பயப்பட ஏதுமில்லை. பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றி மாட்டிவிட்டால் மட்டும் சமாதானம் கிடையாது. பெரும்பாலும் வாரண்டியும் கிடையாது.

எல்லாம் சரியாகப் பொருத்திய பிறகு வரும் கேள்வி: எவ்வளவு நேரம் ஓடும்? 75 ஏ.எச். பேட்டரியில் பாதியைச் செலவழிக்கலாம் என்று வைத்தால் 37 ஏ.எச். 95 ஆம்பியர் இழுத்தால் காகிதக் கணக்கில் 24 நிமிடம்; வேகமாக உறிஞ்சும்போது பேட்டரியின் கொள்ளளவே சுருங்கும் என்பதால் உண்மையில் அதைவிடக் குறைவு. விளக்கும் லேப்டாப்பும் சேர்ந்து 100 வாட் என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும். ஆனால் வண்டியோடு வரும் பேட்டரி செல்ஃப் மோட்டாருக்குச் சில நொடிகள் பெரிய மின்னோட்டம் தருவதற்காகச் செய்தது. அதைத் திரும்பத் திரும்பப் பாதிவரை இறக்கினால் சில மாதங்களில் படுத்துவிடும். இன்வர்ட்டரின் 10.5 வோல்ட் எச்சரிக்கையும் இங்கே உதவாது. அந்த நிலைக்கு வந்த பேட்டரியில் செல்ஃப் எடுக்காது. சுமையை நிறுத்திச் சற்று விட்ட பின் வோல்ட்மீட்டர் 12.2 காட்டினாலே பாதி தீர்ந்தது என்று கொண்டு நிறுத்திவிட வேண்டும்.

இன்ஜினை ஓடவிட்டால் ஆல்டர்னேட்டர் பார்த்துக்கொள்ளும் என்பது பரவலான நம்பிக்கை. நம் ஆட்கள் டைனமோ என்று சொல்லும் இது 90 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், வண்டி நல்ல வேகத்தில் ஓடும்போது தருவது அது. ஐடிலில் பாதிகூட வராமல் போகலாம். அதிலும் வண்டிக்கே ஒரு பங்கு போகும். ஆகவே நின்ற இடத்தில் இன்ஜின் ஓட, 300 வாட் வரை நிம்மதியாக எடுக்கலாம். 1000 வாட் என்பது கிரைண்டரைப் போல விட்டுவிட்டுப் பயன்படுத்தும் கருவிகளுக்கு மட்டும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு வேலை செய்வது உயிருக்கே ஆபத்து; புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

தினமும் இரண்டு மூன்று மணி நேரம் வேண்டுமென்றால் இரண்டாவது பேட்டரிதான் வழி. நடுவில் ஒரு வோல்டேஜ் ரிலே: 13.3 வோல்ட் அளவில் இரண்டையும் சேர்த்து, 12.8-க்கு இறங்கினால் பிரித்துவிடும். செல்ஃபுக்கான பேட்டரி பத்திரமாக இருக்கும். வோல்டேஜைத் தானே ஏற்றி இறக்கும் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இந்த ரிலே குழம்பும். அங்கும், லித்தியம் பேட்டரி வைக்கும் இடத்திலும் டிசி-டிசி சார்ஜர் தேவை. வீட்டில் சும்மா கிடக்கும் இன்வர்ட்டரையும் டியூபுலர் பேட்டரியையும் தூக்கி வண்டியில் வைப்பவர்களும் உண்டு. அந்தப் பேட்டரி ஓரிடத்தில் அசையாமல் நிற்பதற்கென்று செய்தது. மேடுபள்ளத்தில் ஆசிட் சிந்தும், தகடுகள் ஆட்டம் காணும். சீல் செய்த பேட்டரிதான் வண்டிக்கு ஏற்றது.

வெளிவரும் 230 வோல்ட், வீட்டில் வரும் அதே 230 வோல்ட்தான். ரப்பர் டயர்மேல் நிற்கும் வண்டிக்கு மண்ணோடு எர்த் தொடர்பு இல்லை. நியூட்ரலும் எர்த்தும் இணையாத பெட்டிகளில், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபியை மாட்டினாலும் எதிர்பார்த்தபடி வேலை செய்யாது. அவற்றை இணைக்கலாமா என்பதைத் தயாரிப்பாளரின் கையேடு சொன்னால் மட்டுமே இணைக்க வேண்டும்; சில மலிவு வகைகள் அப்படிச் செய்தால் வெடிக்கும். இந்த வெளியீட்டை வீட்டுச் சுவர் பிளக்கில் சொருகுவது எந்த நிலையிலும் கூடாது. மழையில் நனைந்த தொட்டியில் நின்று கிரைண்டர் பிடிப்பதும் அப்படியே. சுமை இல்லாதபோதும் இன்வர்ட்டர் அரை முதல் ஒரு ஆம்பியர் தின்னும் என்பதால் இரவில் சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.

ஊர் ஊராகப் போய் பில் போட்டு விற்கிறவர், விளக்கும் தராசும் வைத்திருக்கும் நடமாடும் கடைக்காரர் ஆகியோருக்கு 300 முதல் 500 வாட் பியூர் சைன் இன்வர்ட்டரும் 25 சதுர மி.மீ. கேபிளும் தாராளம், கொடுத்த காசுக்கு உழைக்கும். அவ்வப்போது டிரில், கிரைண்டர் ஓட்டும் ஃபேப்ரிகேஷன் ஆட்கள் 1000 வாட் வாங்கலாம், கேபிளுக்கும் ஃபியூஸுக்கும் தனியே பணம் ஒதுக்கினால். நாள் முழுக்க மோட்டார் ஓட்டுகிறவருக்கு இது வேண்டாம். சின்ன ஜெனரேட்டரோ பேட்டரியில் ஓடும் கருவிகளோ மலிவாக முடியும். வண்டி வாரண்டியில் இருந்தால் ஒயரிங்கில் கை வைக்கும் முன் சர்வீஸ் சென்டரில் அனுமதியை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.