முதற்பாலும் வெனிலாக் குப்பியும்

தமிழ்க் குழந்தைக்கு நாம் சொல்லும் முதற்கதையே அடுப்பருகில்தான் தொடங்குகிறது. மரத்தடியில் ஒரு பாட்டி வடை சுட்டுக்கொண்டிருக்கிறாள். ஆனால் அடுத்த நொடியே காகம் வந்துவிடுகிறது, வடை பறந்துவிடுகிறது, கதையும் அதன் பின்னே பறந்துவிடுகிறது. அந்தப் பாட்டி சுட்ட முதல் வடை எண்ணெய் குடித்ததா, இரண்டாவது கருகியதா, அவளுக்கு அந்தக் கைப்பக்குவம் என்று வந்தது என்பதைப் பற்றி எவரும் கேட்பதில்லை. வடை சுடக் கற்றுக்கொண்டே பிறந்தவள் போலும் அவள்!

நாம் இளமையில் விரும்பிப் படித்த சிறுவர் நூல்களிலும் நிலைமை இதுவே. சிறுவர்கள் காட்டுக்குப் போவார்கள், குகைக்குள் நுழைவார்கள், கள்வரைப் பிடிப்பார்கள். வீடு திரும்பினால் சோறு ஆயத்தமாய் இருக்கும். சமைக்கத் தெரியாத ஒருவர் முதன்முறையாக அடுப்பை மூட்டித் தோற்றுப்போவதும் கதைக்குரிய பொருளே என்று எவரேனும் எழுதி, நாம் படித்ததாக நினைவில்லை.

இந்தக் குறை நமக்குத் தோன்றியது ஒரு ரமளான் மாதத்தில். நோன்பின் தொடக்கத்திலேயே நம் இல்லத்தரசியார் முற்றத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார்கள். ஆறு வாரம் மாவுக்கட்டு. வீட்டில் மீதமிருந்தவர்கள் நாமும், பதின்மூன்று வயது மகளும். பள்ளிவாசல் கஞ்சி இருக்கிறதே என்பீர்கள். மூன்று நாள் தூக்குப்பாத்திரத்தை எடுத்துச்சென்று அதைத்தான் வாங்கிவந்தோம். நான்காம் நாள் ஒரு வீம்பு வந்தது. ஐம்பது ஆண்டுகளாகக் கஞ்சி குடித்தவனுக்கு ஒரு நாள் அதைக் காய்ச்சத் தெரியாதா என்ன!

அந்த நாட்களில் மகள் தன் பள்ளி நூலகத்திலிருந்து இரண்டு ஆங்கில நூல்களை எடுத்துவந்திருந்தாள். ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் லூயிசா மே ஆல்காட் 1868இல் வெளியிட்ட 'லிட்டில் விமன்'. மற்றொன்று, கனடா நாட்டவரான எல். எம். மான்ட்கோமரி 1908இல் வெளியிட்ட 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்'. இளம் பெண்களுக்கான நூல்கள் என்று நாம் இதுகாறும் தொடாதிருந்தவை. தராவீஹ் முடிந்து வந்து, உறக்கம் பிடிக்காத இரவுகளில் அவற்றைப் படித்தோம். பகலில் அடுப்பு, இரவில் நூல் என்றாயிற்று. ஒன்று மற்றொன்றுக்கு உரையெழுதிற்று எனலாம்.

ஆல்காட்டின் நூலில் பதினோராம் அத்தியாயம் நம் பொருளுக்குரியது. தந்தை போர்க்களத்தில் இருக்க, தாயுடன் வாழும் நான்கு சகோதரியர் ஒரு வாரம் எந்த வேலையும் செய்யாமல் இருந்து பார்க்க விரும்புகிறார்கள். தாய் இசைகிறார். வார இறுதியில் தாமும் அறையை விட்டு வெளிவராமல், பணிப்பெண்ணுக்கும் விடுமுறை தந்துவிடுகிறார். இரண்டாமவளான ஜோ துணிந்து அடுப்படியில் இறங்குகிறாள். காலைத் தேநீர் கசக்கிறது. முட்டை அடை கருகுகிறது. அதற்கும் அஞ்சாமல் அண்டை வீட்டு இளைஞன் லோரியைப் பகல் விருந்துக்கு அழைத்துவிடுகிறாள்! அழையாமலே வந்து சேரும் வம்புக்கார முதுகன்னி ஒருத்தியும் விருந்தில் அமர்கிறாள். தண்ணீர்விட்டான் இனத்தைச் சேர்ந்த ஒரு தண்டுக் காயை ஜோ ஒரு மணி நேரம் வேகவைக்கிறாள். நுனிகள் கரைந்துபோகின்றன, தண்டுகளோ முன்னிலும் கடினமாய் நிற்கின்றன. ரொட்டி கரிந்துவிடுகிறது. உருளைக்கிழங்கு வேகவில்லை. கடைசியாக, பழமாவது காப்பாற்றும் என்று நம்பி ஸ்ட்ராபெரிப் பழங்களை வைக்கிறாள். அவற்றின்மீது அவள் தூவியிருந்தது சர்க்கரை அன்று, உப்பு; ஊற்றியிருந்த பாலாடையோ புளித்தது.

இந்த அத்தியாயத்தைப் படித்துச் சிரிக்காதவர் இருக்க மாட்டார். ஆயினும் ஆல்காட் மீது நமக்கு இரண்டு மனத்தாங்கல்கள் உண்டு. தாம் வகுத்த சோதனையில் பிள்ளைகள் தோற்ற பிறகு, தாய் மாலையில் வந்தமர்ந்து அதன் பாடத்தைத் தொகுத்துச் சொல்கிறார். கரிந்த ரொட்டியும் உப்பிட்ட பழமும் முன்னரே சொல்லிவிட்டதைத் தாய் மறுபடி சொல்லும்போது அத்தியாயத்தின் சுவை குறைகிறது. அன்றியும், உணவு மறந்துபோனதால் பெத் என்னும் சகோதரியின் கூண்டுக் குருவி செத்துக் கிடக்கிறது. பாடம் புகட்ட ஒரு குருவியின் உயிர் வரை போக வேண்டுமா?

மற்றொன்று இதனினும் நுட்பமானது. ஜோ மாடிக்கு அனுப்பிய அந்தக் கருகிய காலை உணவைத் தாய் உண்ணவில்லை. தமக்கென்று முன்னரே மறைத்துவைத்திருந்த நல்ல உணவை உண்டுவிட்டு, மகளின் மனம் நோகாதபடி மற்றதை அகற்றிவிடுகிறார். ஆசிரியர் இதைத் தாய்மையின் பரிவாகக் காட்டுகிறார். நமக்கு அப்படித் தோன்றவில்லை. கசந்த தேநீரில் ஒரு வாயேனும் அருந்தியிருந்தால் அந்தத் தாய் நம் கண்ணில் இன்னும் உயர்ந்திருப்பார். ஆல்காட் வறுமையை அறியாதவர் அல்லர். வீட்டு வேலை, தையல், ஆசிரியப் பணி என்று பலவும் செய்து குடும்பத்தைத் தாங்கியவர். அவரிடம் நாம் கூடுதலாக எதிர்பார்ப்பதில் பிழையில்லை.

மான்ட்கோமரியின் நூலில் அந்த எதிர்பார்ப்பு நிறைவேறுகிறது. ஆன் என்பவள் அநாதைச் சிறுமி. பண்ணை வேலைக்கு ஒரு பையனை வேண்டிய மாத்யூ, மரில்லா என்னும் முதிய உடன்பிறப்புகளிடம் தவறுதலாக வந்து சேர்ந்தவள். ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியாரும் அவர் மனைவி திருமதி ஆலனும் விருந்துக்கு வருகிறார்கள். அவர்களுக்காக அடுக்குக் கேக் செய்யும் பொறுப்பு ஆனுக்குக் கிடைக்கிறது. இரவெல்லாம் அதே கவலை. கேக் நன்றாகவே உப்பி வருகிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் மணத்துக்காக அவள் ஊற்றியது வெனிலா அன்று. வலிக்குத் தேய்க்கும் மருந்து. மருந்துக் குப்பி உடைந்தபோது, மிஞ்சியதை மரில்லா ஒரு பழைய வெனிலாக் குப்பியில் ஊற்றிவைத்திருந்தார். ஆனுக்கோ அன்று சளி, மணம் தெரியவில்லை.

இங்கே ஆசிரியரின் நேர்மையைப் பாருங்கள். ஜோவின் தோல்விக்கு அவளுடைய துணிச்சலே காரணம். ஆனின் தோல்விக்கோ பெரியவர் ஒருவரின் கவனக்குறைவும் காரணம். பெயர் ஒன்றும் பொருள் ஒன்றுமாக இருந்த குப்பியைப் பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் வைத்தது யார்? மரில்லா அதை ஒப்புக்கொள்கிறார். புதிதாகக் கற்பவர் செய்யும் பிழைகளில் பாதி, முன்னரே கற்றவர் சொல்லாமல் விட்டவை என்பதை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லிவிட முடியாது.

இதை நாம் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், நம்முடைய கஞ்சிதான்.

நம் இல்லத்தில் ஒரு பழைய குறிப்பேடு உண்டு. நம் சகோதரியார் திருமணத்துக்கு முன் எழுதிவைத்தது. அதில் நோன்புக் கஞ்சிக்கு நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, பட்டை கிராம்பு, கைமா எல்லாம் அளவோடு இருந்தன. இறுதியில், 'முதற்பால், இரண்டாம் பால் சேர்க்கவும்' என்று ஒரே வரி. தேங்காயைத் துருவி, அரைத்து, பிழிந்து இரண்டையும் தனித்தனியே எடுத்துவைத்தோம். அதுவரை பிழையில்லை. பிறகு தமிழறிவு குறுக்கே வந்தது. முதற்பால் என்றால் முதலில் ஊற்றுவது. இரண்டாம் பால் என்றால் இரண்டாவதாக ஊற்றுவது. இதில் ஐயத்துக்கு இடமேது? கெட்டியான முதற்பாலிலேயே அரிசியையும் பருப்பையும் போட்டுக் கொதிக்கவிட்டோம். அடிப்பிடித்தது. பால் திரிந்து எண்ணெய் தனியே மிதந்தது. முடிவில் நீர்த்த இரண்டாம் பாலை ஊற்றவே, கஞ்சி என்னும் பெயருக்கே பொருந்தாத ஒன்று உருவாகிவிட்டது. பிழியும்போது முதலில் வருவது முதற்பால், அடுப்பில் அது இறுதியாகவே சேரும், சேர்ந்தபின் கொதிக்கவிடலாகாது என்பதை அடுப்படியில் நிற்கும் எந்தப் பெண்ணும் அறிவாள். அறிந்ததனாலேயே சகோதரியார் அதை எழுதவில்லை. நம் குறிப்பேட்டிலும் ஒரு வெனிலாக் குப்பி இருந்திருக்கிறது!

சமையல் நூல்களின் மொழியே பெரும்பாலும் இத்தகையதுதான். 'தேவையான அளவு உப்பு', 'பதம் வந்ததும் இறக்கவும்', 'பொன்னிறமாக வதக்கவும்'. பதம் எதுவென்று அறிந்தவருக்கு நூல் எதற்கு? 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட 'சமைத்துப் பார்' என்னும் சைவச் சமையல் நூல், மூத்தோர் துணையின்றித் தனிக்குடித்தனம் போகும் பெண்களுக்குப் பெருந்துணையாய் இருந்தது என்பர். அதன் பெயர் நமக்கு மிகவும் பிடிக்கும். 'பார்' என்பதில் முயற்சியும் இருக்கிறது. வந்த விளைவைக் கண்ணால் காண்பதும் இருக்கிறது. ஆனால் பார்த்தபின் விளைவு தவறாய் இருந்தால் என்ன செய்வது என்பது சமையல் நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இன்று கைப்பேசியில் வரும் சமையற் படங்களிலும் எல்லாமே நன்றாக அமைந்துவிடுகிறது. தோற்ற சமையலுக்கு இடம் தருவது கதை ஒன்றுதான்.

அந்தத் தோல்வியின்போது கதை யாரைப் பார்க்கிறது என்பதை இரண்டாம் முறை படித்தபோதுதான் கவனித்தோம். ஜோவின் விருந்தில் ஆசிரியரின் கண் பழத்தட்டின்மேல் நிற்கவில்லை; உண்பவரின் முகத்தின்மேல் நிற்கிறது. கடைக்குட்டி ஏமி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தோடுகிறாள். லோரியோ, தட்டைவிட்டுக் கண்ணெடுக்காமல் ஆண்மையோடு உண்டுகொண்டே இருக்கிறான். ஜோ அழப்போகும் நேரத்தில் அவன் கண்ணைப் பார்க்கிறாள்; இருவரும் சிரித்துவிடுகிறார்கள். திருமதி ஆலனும் அப்படியே. முதல் வாயில் முகம் மாறுகிறது. ஆனால் ஒரு சொல்லும் இல்லை, உண்டுகொண்டே இருக்கிறார். மரில்லா சுவைத்துப் பார்த்துக் கேட்ட பிறகே உண்மை வெளிவருகிறது. மாடியில் அழுதுகொண்டிருக்கும் ஆனிடம் பின்னர் ஏறிச்சென்று சிரித்துப் பேசுபவரும் அவரே. சமைத்தவளுக்கு வைத்த தேர்வைப் போலவே தோன்றும் இவ்விரு காட்சிகளும் உண்மையில் பந்தியில் அமர்ந்தவர்களுக்கு வைத்த தேர்வுகள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை, விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்பதை நாம் மதரஸாவிலேயே ஓதியவர்கள். ஓதியதற்கும் நடந்ததற்கும் இடையே எவ்வளவு தொலைவு! மணமான புதிதில், பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி புகுந்த வீட்டில் முதன்முதலாக ஆணம் காய்ச்சிவைத்தாள். உப்புக் கரித்தது. பெரியவர்கள் நிறைந்த பந்தியில் நாம் தட்டை நகர்த்திவைத்து ஒரு சொல் சொன்னோம். அந்தச் சொல்லை இங்கே எழுத நமக்கு மனம் வரவில்லை. அவர்கள் அன்றும் மறுமொழி சொல்லவில்லை; அதன் பின்னரும் சொன்னதில்லை.

அதே பெண்மணியின் முன்னால்தான் அன்று நாம் அந்தக் கஞ்சிக் கோப்பையைக் கொண்டுபோய் வைத்தோம்.

அதைச் சொல்லுமுன் நம் எழுத்தாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். மேற்கண்ட இரு நூல்களிலும் அடுப்பருகே நிற்பவர்கள் சிறுமியரே. லோரி உண்ண வருகிறான். லாரா இங்கல்ஸ் வைல்டர் 1933இல் வெளியிட்ட 'ஃபார்மர் பாய்' நூலில், பெற்றோர் ஊருக்குப் போன வாரம் பிள்ளைகள் ஐஸ்கிரீமும் மிட்டாயுமாகச் செய்து வீட்டுச் சர்க்கரையைத் தீர்க்கும் அருமையான அத்தியாயம் ஒன்று உண்டு. அதிலும் பையன்கள் அடுப்படிக்கு வருவது இனிப்புக்காகவே. நம் சமூகத்தில் இந்த முரண் இன்னும் வேடிக்கையானது. பள்ளிவாசல் வளாகத்தில் முந்நூறு பேருக்குக் கஞ்சி காய்ச்சுபவர்கள் ஆண்கள். கல்யாண வீட்டில் தேக்சா தேக்சாவாக நெய்ச்சோறு ஆக்குபவர்களும் ஆண்கள். வீட்டுக்குள் நால்வருக்கு உலை வைக்க மட்டும் அவர்களுக்குக் கை வருவதில்லை! உம்மாவுக்கு உடல் நலமில்லாத ஒரு நோன்பு நாளில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் காய்ச்சும் முதற்கஞ்சியைப் பற்றி யாரேனும் ஒரு சிறுவர் கதை எழுதக்கூடாதா? குகையும் கள்வரும் அதில் வேண்டியதில்லை. அசர் முதல் மஃரிப் வரையிலான பரபரப்பே போதும். இறுதியில் உம்மா பாடம் சொல்ல வேண்டாம் என்பதை மட்டும் எழுதுபவர் நினைவில் கொள்வாராக.

பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தோம். மகள் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு ஏமியைப் போலவே எழுந்து ஓடினாள். இல்லத்தரசியார் இடது கையால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, கோப்பையை விட்டுக் கண்ணெடுக்காமல் பாதி வரை குடித்தார்கள். பிறகு, "முதற்பாலை எப்போது ஊற்றினீர்கள்?" என்று கேட்டார்கள்.

"முதலில்" என்றோம்.

மாவுக்கட்டு அதிர அதிர அவர்கள் சிரித்ததை அந்த ரமளானில் அன்றுதான் கேட்டோம். மறுநாள் அவர்கள் கட்டிலில் இருந்தபடியே சொல்லச் சொல்ல, மகள் கிளறினாள். தேங்காய் துருவும் பணி நமக்குக் கிடைத்தது. குறிப்பேட்டில் அந்த வரிக்குக் கீழே 'முதற்பால் கடைசியில்' என்று நம் கையாலேயே எழுதிவைத்தோம். நூலகத்துப் புத்தகத்தின் பதினோராம் அத்தியாயத்தில் மட்டும் ஒரு மஞ்சள் கறை படிந்துவிட்டது. அதற்கான தண்டத்தை மகளிடம் கொடுத்தனுப்பினோம்.