கையில் இருப்பதும் பையில் இருப்பதும்

செம்பூரிலோ மாதுங்காவிலோ ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுப் பரணில் தேடினால், பழைய பஞ்சாங்கங்களுக்கும் ஹார்மோனியப் பெட்டிக்கும் நடுவே ஒரு ஸ்க்ராபிள் பெட்டி கிடைக்க வாய்ப்புண்டு. பிள்ளைக்கு ஆங்கிலம் வளரும் என்று நம்பி வாங்கியது அது. நானும் அந்த நம்பிக்கையில் வாங்கியவன்தான். நம் சங்கத்தின் பொங்கல் விழாவை ஒட்டிச் சில ஆண்டுகள் நடந்த சிறுவர் போட்டிக்கு நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நூலை மதிப்பிடுவதுபோல் இந்த விளையாட்டையும் மதிப்பிட்டுப் பார்க்கலாமே என்று இப்போது எழுதத் தோன்றியதற்குக் காரணம், அந்த நடுவர் செய்த ஒரு பிழை.

பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன். ஆட்டத்தின் முதல் முறை அவனுடையது. கையில் ஆர், ஈ, டி, ஐ, என், ஏ, வி என்று ஏழு காய்கள். (எழுத்துப் பொறித்த கட்டைகளைக் காய் என்றே சொல்லிவிடுகிறேன், தாயத்திலும் சதுரங்கத்திலும் சொல்வதுபோல.) ஏழையும் சேர்த்து ஒரு சொல் அமைக்க அவனால் முடியவில்லை. ஆனால் 'நேட்டிவ்' என்ற ஆறெழுத்துச் சொல் பளிச்சென்று கண்ணில் படுகிறது. சரியான கட்டத்தில் தொடங்கினால் 26 புள்ளி. பையன் அதை வைக்கவில்லை. 'வி'யை மட்டும் பையில் திருப்பிப் போட்டு வேறு காய் எடுத்துக்கொண்டான். அப்படி மாற்றினால் அந்த முறைக்குப் புள்ளி கிடையாது. வந்தது என்ன தெரியுமா? பையில் இருந்த இன்னொரு 'வி'. மொத்தம் நூறு காய்களில் 'வி' இரண்டுதான்! பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆட்டம் முடிந்து தோற்றபின் நான் அவனைக் கூப்பிட்டு, "கையில வார்த்தைய வச்சுக்கிட்டு யாராவது சும்மா விடுவாங்களா? படிச்ச பையன்தானே நீ?" என்றேன். "இல்ல அங்கிள், அது வந்து..." என்று தொடங்கினான். நான் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அவன் பெயர் கொடுக்கவில்லை.

அவன் சொல்ல வந்ததை நான் பல ஆண்டுகள் கழித்து, காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு நானே கண்டுபிடித்தேன். 'வி' போனபின் கையில் நிற்பது 'ரெடினா' என்ற சொல்லின் ஆறு எழுத்துகள். இதோடு 'பி' வந்தால் பெயிண்டர், 'ஜி' வந்தால் கிரானைட், 'சி' வந்தால் சர்டெய்ன், 'ஹெச்' வந்தால் ஹேர்நெட், இன்னொரு 'ஆர்' வந்தால் டிரெயினர், இன்னொரு 'ஈ' வந்தால் டிரெயினி. இப்படியே எண்ணிப் பார்த்தேன். அவன் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த காய்கள் 93. அவற்றுள் எது வந்தாலும் ஏழெழுத்துச் சொல் அமையும் என்று எனக்கே தெரிந்த காய்கள் 68. அதாவது நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவு. ஏழு காயையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி தனி. ஆக, கையில் இருந்த 26-ஐ விட்டுவிட்டு, அடுத்த முறையில் 60-க்கு மேல் கிடைக்க நான்கில் மூன்று வாய்ப்பை வாங்கினான் பையன்.

அவன் செய்தது ஒன்றே சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். 26 புள்ளியும் லேசானது அல்ல. நடுவில் எதிராளி சொல் வைத்துப் பலகையின் முகத்தையே மாற்றிவிடலாம். ஏழெழுத்துச் சொல் கையில் வந்தும் அதை இறக்க இடமில்லாமல் போவது இந்த ஆட்டத்தில் அடிக்கடி நடக்கும் வயிற்றெரிச்சல். இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்க்க வேண்டிய கணக்கு அது. அவன் நிறுத்துப் பார்த்தான். நான் வந்து விழுந்த காயைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னேன். 93-ல் ஒன்றாக இருந்த அந்த 'வி'யை யார்தான் முன்கூட்டிக் கண்டிருக்க முடியும்?

இந்த விளையாட்டை உண்டாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் ஒரு கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போய் வீட்டில் இருந்தவர். செய்தித்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். அதனால்தான் 'ஈ'க்குப் பன்னிரண்டு காய், 'க்யூ'வுக்கு ஒன்றே ஒன்று. ஆனால் ஓரிடத்தில் அவர் எண்ணிக்கையை மீறினார். ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் 'எஸ்' எழுத்துக்கு நான்கே காய் கொடுத்தார். பலகையில் கிடக்கும் எந்தப் பெயர்ச்சொல்லின் வாலிலும் ஓர் 'எஸ்'ஸை ஒட்டிவிட்டு, அந்தச் சொல்லின் புள்ளியையும் சேர்த்துக் கொண்டுபோவது மிகவும் எளிதாகிவிடும் என்ற கவலை. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். மொழியை அப்படியே பலகையில் கொட்டவில்லை அவர். விளையாடுகிறவன் தயங்கி யோசிக்க வேண்டிய இடங்களைத் திட்டமிட்டு வைத்தார். 1948-ல் ஜேம்ஸ் புருனோ என்பவர் இதற்கு ஸ்க்ராபிள் என்று பெயரிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

நம் வீடுகளில் நடப்பது வேறு. நீளமான சொல் வைத்த பிள்ளைக்குக் கைதட்டல். இரண்டெழுத்துச் சொல் வைத்தால், "இவ்வளவுதானா?" ஆனால் போட்டிகளில் முதலில் மனப்பாடம் செய்வதே இரண்டெழுத்துச் சொற்களைத்தான். காலின்ஸ் பட்டியலின் 2019 பதிப்பில் அவை 127. ஒரு சொல்லை இன்னொரு சொல்லின் மேல் அணைத்தாற்போல் வைத்து, நாலைந்து குட்டிச் சொற்களுக்கும் சேர்த்துப் புள்ளி வாங்க அவைதான் வழி. 2015-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உலகப் பட்டம் வென்ற வெலிங்டன் ஜிகெரே நைஜீரியாக்காரர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முதல் சாம்பியன். நீளமான சொல் தெரிந்திருந்தும் ஐந்தெழுத்துச் சொல்லோடு நிறுத்திக்கொண்டு, நல்ல காய்களைக் கையில் மிச்சம் வைப்பது அந்நாட்டு ஆட்டக்காரர்கள் பயின்ற முறை என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. வைத்த சொல்லை ஊரே பார்க்கிறது. வைக்காமல் விட்ட இரண்டு மூன்று காய்கள் ஆடுகிறவனுக்கு மட்டுமே தெரியும். ஆட்டத்தின் பாதி அங்கே நடக்கிறது.

கணினி நிரல்கள் இதைத்தான் செய்கின்றன. குவாக்கிள் என்ற நிரல், வைக்கத்தக்க ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் புள்ளியோடு, மிச்சமாகும் காய்களுக்கும் ஒரு விலை போட்டுக் கூட்டுகிறது. பிறகு, அடுத்து வரக்கூடிய காய்களைக் குலுக்கிப் போட்டு நூற்றுக்கணக்கான தடவை ஆடிப் பார்த்துச் சராசரி எடுக்கிறது. 2006-ல் டொரொண்டோவில், 1995-இன் உலக சாம்பியன் டேவிட் பாய்ஸை அது 3-2 என்று வென்றது. முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்ற பிறகு! ஒரு சொல்லுக்காவது அதற்குப் பொருள் தெரியுமா என்றால், தெரியாது.

மனிதரிலும் அப்படி ஒருவர் உண்டு. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் ஆங்கிலத்தில் பல தடவை உலகப் பட்டம் வென்றவர். 2015-ல் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு மொழிப் போட்டிக்குப் போய் வென்று வந்தார். பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியலைச் சுமார் ஒன்பது வாரத்தில் மனத்தில் ஏற்றிக்கொண்டார் என்பது செய்தி. 2024-ல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்தார். தாய்லாந்திலிருந்து 2003-லும் 2009-லும் உலக சாம்பியன்கள் வந்தார்கள். அது ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத நாடு. இவ்வளவுக்குப் பிறகும் இதை 'ஆங்கிலம் வளர்க்கும் விளையாட்டு' என்று பிள்ளைக்கு வாங்கித் தருவது, சீட்டாட்டம் பழகினால் ராஜா ராணி வரலாறு தெரியும் என்பதுபோல்தான். இது விளையாட்டின் குறையா? இல்லை என்பேன். சொல்லின் பொருளை எடுத்து வெளியே வைத்துவிட்டதால்தான் எவர்க்கும் அதில் சம இடம் கிடைக்கிறது. குறை, அதன் மேல் நாம் ஏற்றிய எதிர்பார்ப்பில்.

இங்கேதான் நம் சங்கத்து விஷயம் வருகிறது. "தமிழ் ஸ்க்ராபிள் ஒண்ணு பண்ணுவோங்க, பசங்க அப்படியாவது தமிழ் எழுத்த மறக்காம இருப்பாங்க" என்று பொதுக்குழுவில் யாராவது ஒருவர் ஆண்டுதோறும் சொல்கிறார். சொல்கிறவரின் ஏக்கம் எனக்குப் புரிகிறது. என் பேத்தி தமிழ் பேசுவாள், மராத்தி பேசுவாள், கடைப் பலகையில் தேவநாகரி படிப்பாள். தாத்தா எழுதும் இந்தக் கட்டுரையைப் படிக்க மாட்டாள். ஆனாலும் ஆங்கிலப் பலகையில் தமிழ் எழுத்தை ஒட்டினால் போதும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

முதல் சிக்கல், எது ஒரு காய்? நம் எழுத்து 247. ஆளுக்கொரு காய் என்று போட்டாலே நூறைத் தாண்டி எங்கேயோ போய்விடும். சரி, புழக்கத்தில் மிகுந்த உயிர்மெய்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். அப்போதும் புள்ளி வைத்த மெய்யெழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. அளபெடையை விட்டால் 'அ', 'ஆ' முதலிய உயிர்கள் சொல்லின் நடுவே வருவதில்லை. ஆகவே பலகையில் ஒரு 'ம்' விழுந்தால் அதிலிருந்து குறுக்கே ஒரு சொல்லும் தொடங்க முடியாது. ஓர் 'அ'வின் முன்னால் எதையும் வைக்க முடியாது. பலகை விரைவில் அடைபட்டுப் போகும். அடைபட்ட பலகையில் முடிவெடுக்க என்ன இருக்கிறது?

இரண்டாவது, அந்த 'எஸ்' வேலை. தமிழில் வால் ஒட்டினால் சொல்லின் உடம்பே மாறுகிறது. 'பல்' என்பதோடு 'லை' சேர்த்துப் 'பல்லை' ஆக்கலாம், சரி. 'மரம்' என்பதை 'மரங்கள்' ஆக்க வேண்டுமானால் வைத்த 'ம்'மை எடுத்தாக வேண்டும். வைத்த காயை எடுக்க ஏது விதி? உயிரையும் மெய்யையும் பிரித்து, 'ம், அ, ர், அ, ம்' என்று ஐந்து காயாக வைத்து ஆடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். இலக்கணப்படி அழகான யோசனை. முப்பது வகைக் காயில் முடிந்துவிடும். ஆனால் எந்தப் பிள்ளையின் கண்ணுக்குத் தமிழ் எழுத்துப் பழக வேண்டும் என்று தொடங்கினோமோ, அந்தப் பிள்ளை 'மரம்' என்ற வடிவத்தைப் பலகையில் பார்க்கவே போவதில்லை.

மூன்றாவதுதான் பெரியது: சொற்பட்டியல். மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் பட்டியலுக்கு ஓர் எல்லை இருப்பதால் நடப்பவை. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் உண்டு. ஆனால் 'வந்தாளாமே' அதில் தனிச்சொல்லாக இருக்காது. அதை ஏற்பதா, தள்ளுவதா? ஏற்றால் பட்டியலுக்கு முடிவே இல்லை. தள்ளினால், வீட்டில் பிள்ளை பேசும் தமிழ் முழுவதும் ஆட்டத்துக்கு வெளியே போய்விடும். என் அபிப்பிராயம், க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியின் தலைச்சொற்களை எல்லையாகக் கொண்டு தொடங்கலாம் என்பது. சண்டை வரும். வரட்டும், அகராதியைப் புரட்டுகிற சண்டைதானே.

சென்ற மாதம் அந்தப் பழைய பையனை, இப்போது புனேயில் வேலையில் இருப்பவனை, ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். 68 என்ற கணக்கைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "அன்னிக்கு எனக்கு அவ்வளவு தெரியாது அங்கிள், ஒரு முப்பதாவது தேறும்னு நெனச்சேன்" என்றான். தமிழ்க் காய்களுக்கு ஒரு பங்கீடு போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு அவன் திருப்பிக் கேட்டான்: "'லை'க்கு எத்தனை காய் குடுக்கறதா இருக்கீங்க?"