பூட்டு எந்த ஊர்ப் பூட்டு? – 'சக்தி' நுண்செயலி ஆய்வு பற்றி ஒரு விமரிசனம்

சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'சக்தி' நுண்செயலியைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதியாகிவிட்டது. நமது டில்லிக் கூட்டங்களிலும் மேடைக்கு மேடை அதைப் பற்றிப் பேச்சு வருகிறது. பேச்செல்லாம் ஒரே தாளம்தான்: இது நம்முடையது, நம் பிள்ளைகள் செய்தது, ஆகவே இதற்குள் எந்த எதிரியும் நுழைய முடியாது. முதல் இரண்டும் சரி. மூன்றாவதற்கு அந்த இரண்டிலிருந்தும் வழி கிடையாது. 'நம்முடையது' என்பது ஒரு சங்கதி, 'பத்திரமானது' என்பது இன்னொரு சங்கதி. இந்த ஆய்வின் உண்மையான பெருமை எதுவோ அதை விட்டுவிட்டு, வேறொன்றுக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அடியேனுடைய குறை.

அடியேன் கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். லக்ஷ்மிபாய் நகரில் குடியிருந்துகொண்டு, பக்கத்துக் கோட்லா முபாரக்பூரில் பூட்டு, தாழ்ப்பாள், கீல் விற்கிறவன். "நயினார் சார், உங்களுக்குக் கண்டதெல்லாம் பூட்டுதானா?" என்று மலர்க் குழு நண்பர் கேலி செய்தார். ஆமாம் சார், இது பூட்டைப் பற்றிய விஷயமேதான். கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அலிகரா? கம்பெனியா?" என்பது. நம்ம ஊர்க்காரர் என்றால் "திண்டுக்கல் பூட்டு இருக்கா?" என்பார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டதால் அந்தக் கேள்வியில் இப்போது கொஞ்சம் மிடுக்கும் கூடியிருக்கிறது. உள்ளே எத்தனை லீவர், ஒரு சாவி இன்னொரு பூட்டுக்கும் சேருமா என்று கேட்கிறவர் வருஷத்துக்கு நாலு பேர் இருந்தால் அதிகம். ஊரைக் கேட்பார்கள், உள்ளே என்ன என்று கேட்க மாட்டார்கள். சக்தி விஷயத்திலும் இதுவே நடந்திருக்கிறது.

முதலில் சக்தி என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒரு நுண்செயலிக்குப் புரிகிற கட்டளைகளின் பட்டியல் இருக்கிறதே, அது ஒரு மொழியின் இலக்கணம் மாதிரி. பெரிய கம்பெனிகளின் இலக்கணம் அவரவர் சொத்து. காசு கொடுத்தோ அனுமதி வாங்கியோதான் அதில் எழுத முடியும். 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 'ரிஸ்க்-ஃபைவ்' என்று ஒரு பொது இலக்கணத்தை வகுத்து, யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த இலக்கணத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் 'ரைஸ்' ஆய்வுக் குழு 2014இல் தொடங்கி எழுதிய நூல்தான் சக்தி. குழுவை நடத்தியவர் பேராசிரியர் வீ. காமகோடி, 2022 ஜனவரியில் அந்நிறுவனத்தின் இயக்குநராகவும் ஆனார். இதில் கவனிக்கவேண்டியது, இலக்கணமே அயலிலிருந்து வந்தது. அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் 'முழுக்க முழுக்கச் சுதேசி' என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முழங்கலாம்.

அப்படியானால் சக்தியின் பெருமை எது? அதன் வரைவு முழுவதையும் குழுவினர் திறந்து வைத்தார்கள். எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம், எங்களைக் கேட்கவேண்டாம் என்கிற உரிமத்தோடு. உள்ளே ஒவ்வொரு லீவரும் எங்கே இருக்கிறது என்று உலகுக்கே காட்டிவிட்ட பூட்டு இது. "காட்டிவிட்டால் திருடனுக்கு வசதியாகிவிடாதா?" என்று உடனே கேட்கத் தோன்றும். எங்கள் தொழிலில் இது மிகப் பழைய சண்டை.

லண்டனில் பிராமா என்ற பூட்டுக் கம்பெனி தன் கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்து, இதைச் சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்திருந்தது. தலைமுறைக் கணக்கில் அது திறக்கப்படவில்லை. 1851இல் லண்டன் மகா கண்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர் முதலில் சப் கம்பெனியின் புகழ்பெற்ற பூட்டைத் திறந்தார்; பிறகு பிராமா பூட்டில் 16 நாட்களில் 50 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து அதையும் திறந்துவிட்டார். ஊரே கொதித்தது, குறையை வெளியே சொல்லலாமா என்று. திருடனுக்கு இதெல்லாம் முன்பே தெரியும், தெரியாமல் இருப்பவன் பூட்டை வாங்குகிற நல்ல மனிதன்தான் என்பது ஹாப்ஸ் தரப்பின் வாதம். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1883இல், பாரிஸில் மொழியாசிரியராக இருந்த கெர்க்ஹோஃப்ஸ் இதையே ராணுவச் சங்கேதங்களுக்கு விதியாக எழுதினார்: எந்திரம் எதிரி கையில் கிடைத்தாலும் கெடுதல் வரக்கூடாது, ரகசியம் சாவியில் மட்டும் இருந்தால் போதும். இன்றைய கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆய்வு முழுவதும் இந்த ஒரு விதியின் மேல் நிற்கிறது. சக்தியும் இந்தக் கட்சிதான். அதனால்தான் அதைப் போற்றவேண்டும் என்கிறேன். சென்னையில் பிறந்தது என்பதற்காக மட்டும் அல்ல.

இக்குழுவின் ஆய்வுகளில் என் மனதுக்கு மிகவும் பிடித்தவை 2017இல் வெளியான 'சக்தி-டி'யும் 2019இல் வெளியான 'சக்தி-எம்.எஸ்.'ஸும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதிர் வீட்டுப் பொறியியல் மாணவியைத் தொந்தரவு செய்துகொண்டு ("தாத்தா, இதை நாளைக்குப் பார்க்கலாமே") படித்தேன். விஷயம் இதுதான். என் கிடங்கில் ஒரு சீட்டைக் கொடுத்து, 12ஆம் அலமாரியிலிருந்து 15 வரை உன் சரக்கு என்று பையனை அனுப்புகிறேன் என்று வையுங்கள். அவன் பேசாமல் 16க்கும் 17க்கும் போய் அங்கிருப்பதைக் கலைத்து, தன் சரக்கை வைத்துவிட்டு வந்தால்? கம்ப்யூட்டரின் நினைவகத்தில் நடக்கும் பெரும்பாலான திருட்டு இந்த மாதிரிதான். 1988இல் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் விட்ட புழு இந்த வழியிலும் புகுந்துதான் அன்றைய இணையத்தைத் திணறடித்தது. சென்னைக் குழு செய்தது என்ன? ஒவ்வொரு சீட்டோடும் எல்லையையும் சேர்த்து எழுதி, அந்த எல்லையைச் சரிபார்க்கும் காவலை மென்பொருளின் தயவில் விடாமல் சில்லுக்குள்ளேயே வைத்தார்கள். அந்தக் காவலுக்குச் சில்லில் எவ்வளவு கூடுதல் இடம் செலவாகிறது என்பதையும் அவர்களே கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். வியாபாரிக்கு இந்த நேர்மை பிடிக்கும். லாபத்தை மட்டும் சொல்லி முதலை மறைப்பவன் கணக்கு கணக்கல்ல.

இனி, பாராட்டோடு நிற்காமல் குறைகளுக்கும் வருவோம்.

சக்தி 'புளூஸ்பெக்' என்ற மொழியில் எழுதப்பட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் அர்விந்த் (2024இல் காலமானார்) வளர்த்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த மொழி அது. மனிதன் எழுதிய வரைவை மின்சுற்றாக மாற்றித் தரும் மொழிமாற்றி, 2020 ஆரம்பத்தில் திறந்துவிடப்படும் வரை, ஒரு கம்பெனியின் மூடிய சரக்காகவே இருந்தது. அதாவது பல ஆண்டுகள் நூல் திறந்திருந்தது, அச்சுக்கூடம் மூடியிருந்தது. இது சின்ன விஷயம் அல்ல. யூனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் 1984இல் வெளியான தன் டூரிங் விருது உரையில், மொழிமாற்றிக்குள் கள்ளத்தனத்தை ஒளித்துவைத்தால் மூல நிரலை எத்தனை முறை படித்தாலும் அகப்படாது என்று காட்டியிருந்தார். திறந்த பூட்டு என்று பெருமை பேசிய காலத்தில் இதையும் சேர்த்துப் பேசியிருக்கவேண்டும்.

அடுத்தது வார்ப்பு. 2018இல் 'ரைஸ்கிரீக்' என்ற பெயரில் வந்த சக்திச் சில்லு அமெரிக்காவின் ஆரிகனில் இன்டெல் ஆலையில், 22 நானோமீட்டர் நுட்பத்தில் செய்யப்பட்டது. அதே ஆண்டு 'ரிமோ', 2020இல் 'மௌஷிக்', 2025இல் இஸ்ரோவுக்காக 'ஐரிஸ்' – இவை மொஹாலியிலுள்ள அரசு ஆலையில் 180 நானோமீட்டரில் வார்க்கப்பட்டன. 22க்கும் 180க்கும் உள்ள இடைவெளி பல தலைமுறை இடைவெளி. (மொஹாலி ஆலை 1989இல் தீயில் எரிந்து போனது, அந்த அடியிலிருந்து நாம் முழுவதும் எழவில்லை என்றே தோன்றுகிறது.) ஊர் எது என்ற கேள்விக்கு அர்த்தம் வருகிற இடம் இதுதான். 2016இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். வரைவு திறந்திருக்கும் ஒரு செயலியை எடுத்து, வார்க்கும் ஆலையில் இருப்பவர் நினைத்தால் கண்ணுக்கு அகப்படாத ஒரு சிறு சுற்றைச் செருகிப் பின்கதவு வைக்க முடியும் என்று சில்லு செய்தே காட்டினார்கள். வரைவைப் படிக்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே சுதேசிக் கட்சியை நான் அடியோடு தள்ளவில்லை. கிரயப் பத்திரத்தை எவ்வளவு வாசித்தாலும், வீட்டைக் கட்டிய கொத்தனாரிடம் இன்னொரு சாவி இருந்தால் என்ன செய்வது? வார்ப்பாலை நம் கையில் இருப்பதில் நியாயம் உண்டு. ஆனால் மேடைப் பேச்சு இந்த நுணுக்கத்துக்குள் வருவதில்லை. மொஹாலியும் ஆரிகனும் அதில் ஒன்றுதான்.

திறந்துவைத்தால் மட்டும் போதுமா என்பது மூன்றாவது. போதாது. சீனாவில் அலிபாபா குழுமத்தின் டி-ஹெட் நிறுவனம் 'சி910' என்ற ரிஸ்க்-ஃபைவ் செயலியைச் செய்து, 2021இல் வரைவையும் வெளியிட்டது. மூன்று ஆண்டு அது எல்லாருக்கும் எதிரே கிடந்தது. 2024 ஆகஸ்டில் ஜெர்மனியின் சிஸ்பா ஆய்வு மையத்தினர், சாதாரணப் பயனாளி ஒருவர் நினைவகத்தில் எங்கே வேண்டுமானாலும் எழுதிவிடக் கூடிய ஓட்டை அந்தச் சில்லில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் வரைவைப் படித்து அல்ல. ஒரே கட்டளையைப் பல செயலிகளுக்குக் கொடுத்து, எது மாறாகப் பதில் சொல்கிறது என்று பார்த்து. சில்லு வார்த்தாகிவிட்டது, திருத்த முடியாது. ஒரு பகுதியையே அணைத்துவைப்பது தவிர வேறு பரிகாரம் இல்லை. மென்பொருளிலும் இதே கதைதான். 2014இல் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' ஓட்டை, உலகமே பயன்படுத்திய திறந்த நிரலில் இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தது. கதவு திறந்திருந்தது, எட்டிப் பார்க்க ஆள் இல்லை.

தமிழ்ப் பதிப்பு வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் அச்சேற்றினார். அதன் பொருளில் அவருக்குத் துணை நின்றவர்கள் கும்பகோணத்துச் சமணர்கள். அதோடு முடியவில்லை. மேலும் ஏடுகளைப் பார்த்து, திருத்தி, 1907இல் இரண்டாம் பதிப்பு, 1922இல் மூன்றாம் பதிப்பு. அச்சிட்டதால் மட்டும் பாடம் சுத்தமாகிவிடவில்லை. உட்கார்ந்து ஒப்பிட்டவர்கள் இருந்ததால் சுத்தமாயிற்று.

இந்தப் பகுதி வாசகர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்தவேண்டும். 2022 நவம்பர் 23 அன்று நம் லக்ஷ்மிபாய் நகருக்குப் பக்கத்திலேயே உள்ள எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் சர்வர்கள் முடங்கின. இரண்டு வாரம் போல வெளிநோயாளர் சீட்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் கைப்பட எழுதித்தான் நடந்தது. 5 சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டதாகவும், வலைப்பின்னலைச் சரியாகப் பகுதி பகுதியாகப் பிரித்துவைக்காததே காரணமாகத் தெரிவதாகவும் அரசு டிசம்பரில் பாராளுமன்றத்தில் சொன்னது. சக்திச் சில்லு அங்கே இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று ஒரு கூட்டத்தில் பேசக் கேட்டேன். சில்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அறைக்கு அறை கதவு வைக்காத வீட்டில் வாசல் பூட்டு எந்த ஊராக இருந்தால் என்ன? மாற்றுப் பிரதி தனியே இருந்ததால் நோயாளிகளின் தகவலை மீட்க முடிந்தது. பாராட்டவேண்டியது அந்த முன்யோசனையை.

எனக்குள்ள பெரிய மனக்குறை பரிசு விஷயத்தில்தான். 2020 ஆகஸ்டில் மத்திய அரசு 'சுதேசி நுண்செயலிச் சவால்' என்று ஒரு போட்டி அறிவித்தது, மொத்தம் 4.30 கோடி ரூபாய். சக்தியையும், திருவனந்தபுரம் சி-டாக்கின் 'வேகா'வையும் வைத்துப் புதுப் பொருள்கள் செய்யவேண்டும். நல்ல காரியம். ஆனால் அது கட்டுகிறவனுக்கான போட்டி. பிராமா தன் கடை ஜன்னலில் வைத்தது உடைக்கிறவனுக்கான பரிசு. நமது பல்கலைக்கழகங்களில் உடைத்துப் பார்க்கும் ஆய்வு இல்லாமல் இல்லை. செயலி வேலை செய்யும்போது வாங்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே ரகசியச் சாவியைக் கண்டுபிடிக்கும் வித்தையில் காரக்பூர் ஐ.ஐ.டி.யின் தேப்தீப் முகோபாத்யாய் பேர் பெற்றவர். 2021இல் பட்நாகர் விருதும் பெற்றார். இருந்தும் மேடையில் மாலை விழுவது கட்டியவர் கழுத்தில்தான். "குறை கண்டுபிடித்தான்" என்பது நம் பேச்சில் வசைச் சொல்லாகவே இருக்கிறது. நம் பிள்ளைகளையும் அப்படியே வளர்க்கிறோம். எட்டாம் வகுப்புப் பையன் ரேடியோவைப் பிரித்துப் போட்டால் முதுகில் ஒன்று வைக்கிறோம். பிறகு அவனே கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணன் ஆகவேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

நமது டி.டி.இ.ஏ. பள்ளிகளில் படித்துவிட்டுப் பொறியியல் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு ஒரு வார்த்தை. சக்தியில் பல வகை உண்டு. 'சி' வகை ஐந்து படி கொண்டது. முதலிலேயே அதற்குள் போகவேண்டாம். 'இ' வகை மூன்றே படி. அதை 'பினாகா' என்ற பெயரில் சிறிய எஃப்.பி.ஜி.ஏ. பலகை ஒன்றில் ஓட்டிப் பார்க்கும்படி குழுவினரே அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பெரியவற்றுக்குப் 'பரசு', 'வஜ்ரா' என்று பெயர். எல்லாம் ஆயுதங்கள், சமணனான எனக்கு இந்தப் பெயர் வைக்கும் ரசனை மட்டும் புரியவில்லை. வரைவு இலவசம். பலகைக்கு மட்டும்தான் செலவு. கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே பெரும்பாலும் கிடைக்கும். எதிர் வீட்டுப் பெண் இப்போது 'இ' வகையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். எல்லை தாண்டிய கட்டளை ஒன்றைக் கொடுத்தால் அது என்ன செய்கிறது என்று பார்க்கிறாளாம்.