கோடு பார்க்கும் கார்த்திகை

கார்த்திகை பிறந்தால் பண்டத்தரிப்புச் சந்தித் தேநீர்க்கடையில் பேச்சு மாறிவிடும். வெங்காய விலை பின்னுக்குப் போகும். யாராவது கைத்தொலைபேசியை மேசையில் வைத்து, இரண்டு விரலால் வங்காள விரிகுடாவை விரிப்பார். ஊதா நிறத்தில் ஒரு சுழி, அதிலிருந்து கிளம்பும் ஒரு கோடு. கோடு எங்களைத் தொடுகிறதா இல்லையா என்பதுதான் வழக்கு. ஒருமுறை மாதகலில் இருந்து மீன் கொண்டுவந்த ஒருவர் அந்தத் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோடு அங்கால போனா என்ன தம்பி, வாடை இன்னும் விடேல்லை. வள்ளத்தை மேல இழுத்துப்போட்டுத்தான் வந்தனான்."

அவர் பார்த்தது காற்றை, நாங்கள் பார்த்தது படத்தை. இரண்டில் எது சரி என்று கேட்டால், படத்தை இகழ மனம் வராது. 1964 மார்கழி 22ஆம் திகதி இரவு வவுனியாப் பக்கமாகத் தீவைக் கடந்து போன சூறாவளி மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் அடித்தது. தனுஷ்கோடியைக் கடலில் கரைத்தது. பாம்பனில் இருந்து புறப்பட்ட ரயில் பயணிகளோடு அலையில் போயிற்று. 2020இல் புரேவி வந்தபோது நிலைமை வேறு. முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் நடுவே அது கரையேறும் என்பது முன்கூட்டியே வடக்கில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மார்கழி 2ஆம் திகதி இரவு அப்படியே கரையேறவும் செய்தது. இன்றைக்கு ஒரு நாள் முன்கணிப்பில் புயல் மையத்தின் சராசரிப் பிழை நூறு கிலோமீற்றருக்குக் கீழே வந்துவிட்டது. இந்த இடைக்காலத்தில் செய்மதியும் கணினியும் காப்பாற்றிய உயிர்கள் கொஞ்சமல்ல.

ஆனால் நூறு கிலோமீற்றர் என்பது எங்களுக்கு என்ன? பண்டத்தரிப்பில் இருந்து பருத்தித்துறை நேர்கோட்டில் முப்பது கிலோமீற்றர் கூட இல்லை. டெல்லியில் இருந்து கணிக்கிறவருக்குச் சிறிய பிழை, எங்களுக்கு முழுக் குடாநாடு.

அதைவிடப் பெரிய குறையைக் காட்டியதும் அதே புரேவிதான். கரையேறி, மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கி, வலுவிழந்து, ஆழ்ந்த தாழமுக்கமாகி, இராமநாதபுரக் கரைக்குப் பக்கத்தில் ஒரு நாளுக்கு மேல் அசையாமல் நின்றுவிட்டது. படத்தில் கோடு மேற்கே கேரளப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கு மேல் மழை விடவில்லை. புயல் "பலவீனமாகிவிட்டது" என்று வானொலி சொன்ன பிறகுதான் பலருடைய முற்றத்தில் தண்ணீர் ஏறியது. புயலை இழுத்துச் செல்லும் மேல்வளிக் காற்றுகள் இரு பக்கமும் சமமாகிவிட்டால் அது சந்தியில் வழி தெரியாமல் நிற்கிறவன் மாதிரித்தான். மேற்குப் பசிபிக்கிலும் இந்தக் கதை உண்டு. 2009 ஒக்டோபரில் பார்மா என்ற புயல், பக்கத்தில் வந்த மெலோரின் இழுப்பில் சிக்கி, பிலிப்பைன்ஸின் லூசோன் தீவைச் சுற்றிச் சுற்றி மூன்று தரம் கரையேறியது. ஆண்டுக்கு இருபத்தைந்து புயல் பார்த்துப் பழகிய கடலிலேயே அப்படி. எங்கள் கடலில் ஆண்டுக்கு ஐந்தோ ஆறோதான்; அதுவும் பல, வீட்டுத் திண்ணையிலேயே பிறக்கின்றன. கணிக்கிறவருக்கு அவகாசம் எங்கே?

2024இன் கதை இன்னும் மோசம். கார்த்திகைக் கடைசி வாரம் முழுவதும் ஒரே விவாதம்: புயலாயிற்றா, ஆகுமா, ஆகாதா? சவூதி அரேபியா கொடுத்த ஃபெங்கல் என்ற பெயரை ஊடகங்கள் முன்கூட்டியே சூட்டிவிட்டன. பெயர் முறைப்படி கிடைத்தது 29ஆம் திகதி பிற்பகலில். அதற்கு முன்னரே, 26ஆம் திகதியே, அம்பாறையில் மாவடிப்பள்ளிப் பக்கம் மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றுவிட்டது. உயர்தரப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் தாழ்ந்த நிலமெல்லாம் மூழ்கிக் கிடந்தது. இவ்வளவையும் செய்தது பெயரில்லாத ஒரு தாழமுக்கம். மணிக்கு 62 கிலோமீற்றர் என்ற எல்லையைக் காற்று தாண்டினால்தான் பெயர். மழைக்கு அப்படி எந்த எல்லையும் இல்லை, பெயரும் இல்லை. காற்றை வைத்து ஆபத்தை அளக்கிற இந்த வழக்கம்தான் அடிப்படைக் கோளாறு என்பது என் எண்ணம். 2025இல் டித்வா அதை ஊருக்கெல்லாம் உறைக்கச் சொன்னது. காற்றில் அது சாதாரணமான சூறாவளி. இறந்தவர்கள் அறுநூறுக்கு மேல். பெரும்பாலானோர் மலைநாட்டில், மண்சரிவில்.

படம் பார்க்கிறவர் விழும் சின்னக் குழிகளும் உண்டு. ஒரே புயலுக்கு ஒரு தளம் ஒரு வேகம் சொல்லும், இன்னொன்று வேறு சொல்லும். இந்தியர் மூன்று நிமிடச் சராசரியும், ஜப்பானியர் பத்து நிமிடச் சராசரியும், அமெரிக்கக் கடற்படையினர் ஒரு நிமிடச் சராசரியும் எடுப்பதால் வரும் வித்தியாசம் அது. யாரோ பொய் சொல்கிறார்கள் என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. கோட்டைச் சுற்றி வரையும் வட்டமும் அப்படித்தான். மையம் எங்கே இருக்கக்கூடும் என்பதை மட்டும் அது காட்டுகிறது. வட்டத்துக்கு வெளியே இருக்கிறோம், பயமில்லை என்று படுத்துக்கொள்வது தவறு.

இந்த இடத்தில் யாழ். பல்கலைக்கழகப் புவியியல் துறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா போன்றவர்கள் முகநூலில் எழுதுவது பெரிய ஆறுதல். தமிழில், எங்கள் ஊர்ப் பெயர்களோடு, மழையைப் பற்றி எழுதுகிறார்கள். அரச அறிவித்தல் தமிழில் பிந்தி வருகிறது என்ற முறைப்பாடு டித்வா நேரத்திலும் எழுந்ததை நினைத்தால் அதன் அருமை விளங்கும். வடக்குக்கு மேலான மழையைப் பார்க்க நாங்கள் இன்னமும் கடலுக்கு அப்பால் காரைக்கால் ராடரைத்தான் எட்டிப் பார்க்கிறோம். ஆனால் நல்ல பதிவுக்கும் வட்ஸ்அப்பில் கேடு வருகிறது. திகதியை வெட்டிவிட்டு, மூன்று நாள் பழைய படத்தைப் "பிந்திய செய்தி" என்று அனுப்புகிறார்கள். எங்கள் குடும்பக் குழுவிலேயே அப்படி ஒன்று வந்து, தங்கச்சி ஒருத்தி இருட்டோடு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு உரும்பிராய்க்குப் போனாள். அன்று பண்டத்தரிப்பில் தூறல்கூட இல்லை.

எந்தக் கணினிக்கும் தெரியாத ஒன்றும் இருக்கிறது. வலிகாமத்தில் ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும். மிச்சத் தண்ணீரெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்க வேண்டும், அல்லது வாய்க்காலும் மதகும் வழியாகக் குளத்துக்கும் கடலுக்கும் போக வேண்டும். அந்த வாய்க்காலுக்குக் குறுக்கே யார் மதில் கட்டியிருக்கிறார், எந்த மதகு பிளாஸ்டிக் போத்தலால் அடைத்திருக்கிறது என்பது செய்மதிக்குத் தெரியாது. ஒழுங்கையில் இருக்கிறவருக்குத் தெரியும். கோட்டை மணிக்கொருதரம் பார்க்கிற எங்களில் எத்தனை பேர் ஐப்பசியில் மண்வெட்டியோடு அந்த மதகடிக்குப் போனோம்? நான் போகவில்லை.

அடுத்த மாரியில் படத்தைப் பகிர்கிறவர்களிடம் ஒரு கோரிக்கை. திகதியை வெட்டாதீர்கள். படத்துக்குக் கீழே இரண்டு எண்களையும் எழுதுங்கள்: அது மணிக்கு எத்தனை கிலோமீற்றர் நகர்கிறது, எங்கள் பக்கம் எத்தனை மில்லிமீற்றர் மழை சொல்கிறார்கள். பெயர் வைத்தாயிற்றா என்பதைப் பிறகு பேசலாம்.