ஏழாயிரம் ரூபாய்க் கருவியும் கம்பெனி பஸ்ஸும்

இரண்டாவது பிள்ளைக்கு ஆறரை மாதம் ஆனபோது மறுபடி வேலைக்குப் போனேன். வல்லம் வடகால் சிப்காட்டுக்குள் திரும்பும் இடத்தில் ஒரு வேகத்தடை. கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்த என்னைப் பஸ் தூக்கிப் போட்டது. மறு நொடி மூத்திரம் கசிந்து யூனிஃபார்ம் நனைந்தது. துப்பட்டாவை மடியில் போட்டபடி இறங்கினேன். அன்று ராத்திரியே இடுப்பின் அடித்தசைக்குப் பயிற்சி தரும் கருவி ஒன்றை ஆன்லைனில் ஆர்டர் செய்துவிட்டேன். விலை ஏழாயிரத்துச் சொச்சம்.

பெட்டியில் வந்தது கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரிய சிலிக்கோன் குமிழ். உள்ளே அழுத்தமானி, புளூடூத். பிறப்புறுப்புக்குள் வைத்துக்கொண்டு தசையை இறுக்கினால் போன் திரையில் ஒரு பந்து மேலே எழும்பும். விட்டால் இறங்கும். கடைசியில் ஸ்கோர் வரும். பிரசவமாகி ஆறு வாரம் கழிந்து, டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகே உள்ளே வைக்கலாம். அது என் விஷயத்தில் எப்போதோ தாண்டிவிட்டது.

செயலி இமெயில் கேட்டது, வயது கேட்டது, என் 'லட்சியம்' என்ன என்று கேட்டது. எல்லாம் ஆங்கிலத்தில். படுக்க வேண்டும், முடித்துக் கழுவ வேண்டும், காயவைக்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் கதவைத் தாழ்ப்பாள் போடுவது எப்படி என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

எதை இறுக்குகிறோம் என்று தெரிந்தால்தான் மீதி புரியும். இடுப்பெலும்பின் அடியில், முன்னிருந்து பின்வரை, தூளி கட்டியதுபோல ஒரு தசை விரிப்பு இருக்கிறது. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். கர்ப்ப காலப் பாரத்திலும் சுகப்பிரசவத்திலும் அது இழுபட்டுத் தளர்கிறது. சிசேரியன் ஆனவர்களும் முழுசாகத் தப்புவதில்லை. மாதக்கணக்கில் பாரம் சுமந்தது அவர்கள் தூளியும்தான்.

முதல் வாரம் என் பந்து ராக்கெட்டாகப் பறந்தது. இரண்டாம் வாரம் ஸ்கோர் இரட்டிப்பானது. தும்மினால் கசிவது மட்டும் அப்படியே இருந்தது.

பிசியோதெரபி மேடம் ஒருவரிடம் போனேன். கையால் பரிசோதித்துவிட்டு ஒரே வரியில் சொன்னார்: "நீங்க தள்ளுறீங்கம்மா, தூக்கல."

அழுத்தமானிக்கு அழுத்தம் மட்டும்தான் தெரியும். தசை உள்நோக்கி மேலே தூக்கினாலும் அழுத்தம் ஏறும். முக்கித் தள்ளினாலும் ஏறும். என்னிடம் இருந்த கருவிக்கு இரண்டும் ஒன்று. நான் வாங்கிய ஸ்கோரெல்லாம் தூளியை இன்னும் கீழே தள்ளி வாங்கியவை. இது என் ஒருத்தியின் கோளாறில்லை. 1991-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வாயால் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டு இந்தப் பயிற்சியைச் செய்த 47 பெண்களில் 12 பேர் கசிவைக் கூட்டக்கூடிய விதத்தில்தான் செய்தார்கள். இந்தப் பயிற்சிக்குத் தன் பெயரையே கொடுத்த ஆர்னால்ட் கெகல், 1948-இல் அதை எழுதியபோதே அழுத்தம் காட்டும் ஒரு மானியையும் செய்திருந்தார். என் புளூடூத் குமிழ் அதன் பேத்தி.

சரி, ஒழுங்காகத் தூக்கக் கற்றபின் கருவி உதவுமா? பிரிட்டனில் 600 பெண்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்குப் பயிற்சி மட்டும். மறு பாதிக்குப் பயிற்சியோடு, தசையின் மின்னசைவைத் திரையில் காட்டும் கருவி. இரண்டு வருஷம் கழித்துக் கசிவின் அளவில் சொல்லும்படியான வித்தியாசமில்லை. 2020-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. நான் ஆர்டர் போடுவதற்கு முன்பே படித்திருக்கலாம்.

இன்னொரு கவலை. இந்த வகைக் கருவிக்குப் பெயர் வாங்கித் தந்தது லண்டனின் எல்வி ட்ரெய்னர். அந்த நிறுவனம் 2025-இல் நொடித்து, அமெரிக்காவின் வில்லோ கைக்குப் போனது. செயலி இல்லாமல் ஓடாத கருவியை வாங்கும்போது, செயலிக்கு ஆயுசு எவ்வளவு என்றும் யோசிக்கத்தான் வேண்டும்.

குமிழ் இல்லாத வெறும் செயலிகள் மேல். பிரிட்டனில் ஒரு பிசியோதெரபிஸ்ட் உருவாக்கிய ஸ்குவீஸி இந்த ரகம்: இறுக்கு, பிடி, விடு என்று காட்டும், நேரம் வந்தால் நினைவூட்டும். இந்த ரகத்தில் இலவசமான ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். எட்டு முறையாவது இறுக்க வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் என்பது பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு சொல்லும் அளவு. செயலி அதைப் பிசகாமல் நினைவூட்டியது. ஆனால் ஷிஃப்ட் நேரத்தில் என் போன் லாக்கரில் அல்லவா கிடக்கிறது? மத்தியான வேளை நினைவூட்டலைத் தினமும் லாக்கர் கதவுதான் கேட்டது.

அதனால் மத்தியானத்துக்கு டீ பிரேக் பஸ்ஸர். மிச்சத்துக்குக் கம்பெனி பஸ். இருமலுக்கோ குலுக்கலுக்கோ ஒரு நொடி முன்னால் தசையைத் தூக்கிப் பிடிப்பது தனி வித்தை. லேசான கசிவு உள்ளவர்களுக்கு இதுவே ஒரு வாரத்தில் பலன் தந்ததை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1998-இல் எழுதியிருக்கிறார்கள். வேகத்தடை தெரிந்ததும் மூச்சை விட்டபடி தூக்குவேன். தாண்டியதும் விடுவேன். முழுசாக விடுவதும் பயிற்சியில் பாதி.

அம்மாவுக்கு இது எதுவும் ஏறவில்லை. "ஏன்டி, பழைய வேட்டியால வயித்த இழுத்துக் கட்டியிருந்தா இந்த ஏழாயிரம் மிச்சம்தானே?" கட்டுத்துணியும் சரி, மெடிக்கலில் விற்கும் பெல்ட்டும் சரி, முதுகுக்குத் தாங்கல், எனக்கும் சுகமாகத்தான் இருந்தது. தசைக்கான வேலையைத் துணி செய்யாது. ரொம்ப இறுக்கினால் அழுத்தம் கீழ்ப்பக்கம் போய்த் தூளியின் மேலேயே இறங்கும். என் வயிற்றுத் தசைகளின் நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அதற்கு மேடம் தந்தது, மல்லாந்து படுத்து மூச்சை விடும்போது அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுக்கும் பயிற்சி. கருவி வேண்டாம், காசும் வேண்டாம்.

பஸ் ஜன்னலில் தினமும் தெரிவது 2024 ஆகஸ்டில் திறந்த மகளிர் விடுதி: 706 கோடி ரூபாய், 18,720 படுக்கைகள். இத்தனை பெண்கள் வேலை பார்க்கும் ஊர் இது. 1961 மகப்பேறு நலச் சட்டம், நெடுநேரம் நிற்கும் வேலையைத் தரக்கூடாது என்று கர்ப்பிணி கேட்கலாம் என்றது. 2017 திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது. இருபத்தேழாவது வாரம் லைனில் எட்டு மணி நேரம் நிற்கப் போகிறவளுக்கு ஒரு பிசியோதெரபி வேளையைத் தரும்படி இரண்டிலும் நான் எதையும் பார்க்கவில்லை.

தீர்ப்பு: எந்தத் தசை என்றே பிடிபடாதவர்களுக்குக் கருவி ஓரளவு உதவலாம், யாராவது கைவைத்துப் பார்த்துச் சொன்ன பிறகு. மற்றவர்கள் அந்தக் காசில் பிசியோதெரபிஸ்டை இரண்டு மூன்று தடவை பார்க்கலாம். அடி இறங்குவதுபோல் கனம், வலி, மலம் அடக்க முடியாமை இருந்தால் எந்தச் செயலியும் வேண்டாம், நேரே டாக்டர்.

பயிற்சி தொடங்கி நான்காவது மாதம் ஓடுகிறது. தும்மலுக்குப் பயமில்லை, ஓடினால் மட்டும் இன்னும் கொஞ்சம் சந்தேகம். லைனில் பக்கத்தில் நிற்கும் தோழி போன வாரம் மெல்லக் கேட்டாள்: "அந்த மெஷின கொஞ்ச நாள் குடேன்க்கா." அது இரவல் தரும் பொருளில்லை என்றதும் சிரித்துவிட்டாள். மறுநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். சிப்காட் திருப்பம் வந்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினோம்.